கல் வைத்திருந்த நாட்கள்

வாசலைத் தாண்டுவதற்கு முன் அஸ்மீர் ஒரு காலை மட்டும் வெயிலில் நீட்டினான். ஆற்றில் இறங்குகிறவன் குளிர் எவ்வளவு என்று பார்ப்பது போல. ஒன்றும் ஆகவில்லை. மறு காலையும் எடுத்து வைத்து, சுவரை ஒட்டியே நின்றான். முற்றத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த மர்ஜானாவுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு உயரமாக வளர்ந்திருக்கிறான் என்பதையே அவள் அன்றுதான் பார்த்தாள். வீட்டுக் காவல் கோபுரத்துக்குள் எப்போதும் குனிந்தே நடப்பான்.

"போடா. கல்லு வச்சாச்சு. இன்னிக்கு ஒன்ன எவனும் சுட மாட்டான்."

"ஜாங்கி வீட்டு ஓட்டையில துப்பாக்கி முனை தெரியுதும்மா."

"தெரிஞ்சா தெரியட்டும். அதுவும் கொஞ்சம் காத்து வாங்கட்டும்."

கூப்பிடு தூரத்தில்தான் ஜாங்கியின் வீடு. அவன் வேறு யாருமல்ல, மர்ஜானாவின் கொழுந்தன் மகன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோதுமை வயல். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்று அண்ணன் தம்பிக்குள் தொடங்கிய பேச்சு, தம்பி அண்ணனைச் சுட்டதில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வது தவறு. மீசை அரும்பிய வயதில் அஸ்மீர் கோபுரத்தின் உச்சியிலிருந்து சித்தப்பாவைச் சுட்டுத் தன் அப்பாவுக்கு ஈடு கட்டினான். இப்போது சுட வேண்டிய முறை ஜாங்கியுடையது. அன்று கோபுரத்துக்குள் போன அஸ்மீர் வெயிலைத் துப்பாக்கி ஓட்டை வழியாகத்தான் பார்த்தான். பெண்களைச் சுடுவது அந்த மலைகளில் ஆண்மைக்கு இழுக்கு. ஆகவே தண்ணீர் எடுப்பது, விறகு வெட்டுவது, ஏர் ஓட்டுவது எல்லாம் மர்ஜானாவின் தலையில் விழுந்தது. கோபுரத்துக்குள் கிடக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? மருமகளும் இல்லை.

இந்த நிலையில்தான் வெள்ளைக்காரன் படை வந்தது. பள்ளத்தாக்கின் மேல்கோடி ஆட்கள் சிலர் எல்லைக்கு அப்பால் போய், சர்க்கார் தபாலைக் கொள்ளையடித்து, இரண்டு சிப்பாய்களையும் கொன்றுவிட்டு, காபூல் பக்கம் ஓடிவிட்டார்கள். ஓடியவர்களைப் பிடிக்க முடியாத சர்க்கார், ஓடாதவர்களைத் தண்டிக்கப் புறப்பட்டது. கழுதைகளும் ஒட்டகங்களும் சுமந்துவந்த பீரங்கிகள் ஆற்றங்கரையில் இறங்கிய அன்றே, ஊர்ப் பஞ்சாயத்தான ஜிர்கா கூடியது. பெரியவர் மௌலாதாத் மசூதி வாசலில் ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார். கல் அங்கே இருக்கும்வரை உள்ளூர்ப் பகை கிடையாது. எவனாவது சுட்டால் ஊரே சேர்ந்து அவன் வீட்டைக் கொளுத்தும். அந்நியன் திரும்பிப் போன அன்று கல்லை எடுப்பார்கள், அவரவர் பகையை அவரவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

பள்ளத்தாக்கு முழுக்கப் படையைச் சபித்தது. மர்ஜானா மட்டும் சபிக்கவில்லை. தொழுகை முடிந்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்: இறைவா, கணவாயில் பனி கொட்டட்டும், இவர்கள் போக முடியாமல் போகட்டும். கேட்டுவிட்டு, கேட்டதற்காக வெட்கப்பட்டாள். மறுவேளை மறுபடியும் கேட்டாள்.

அஸ்மீர் பகலெல்லாம் வெளியே கிடந்தான். வாய்க்காலில் குளித்தான். முசுக்கட்டை மரத்தடியில் படுத்துத் தூங்கினான். பிறகு வயலில் இறங்கி, மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்து, "ஏம்மா, நீ ஆழமாவே உழுததில்ல போலிருக்கே" என்று குறை சொன்னான். எலும்பு தேய உழுதவளுக்கு அந்தக் குறை தேனாக இருந்தது.

படைக்குத் தலைமையாக வந்த எல்லை அதிகாரி பெல்லமி துரைக்கு, முறைப்படி எல்லாம் நடக்க வேண்டும். அபராதம் கட்ட வேண்டும். எச்சரிக்கையாக மூன்று கோபுரங்களை இடிக்க வேண்டும். எந்த மூன்று என்பதை அவர் சொல்லவில்லை. பழங்குடியின் வழக்கத்தில் சர்க்கார் தலையிடாது, ஜிர்காவே காட்டட்டும் என்றுவிட்டார். தன்னைவிட நியாயமான மனிதர் உண்டா என்ற நிம்மதியோடு அவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார். ஜிர்காவில் ஒரு வீட்டின் குரல் அந்த வீட்டில் எத்தனை துப்பாக்கி இருக்கிறதோ அவ்வளவுதான். ஜாங்கிக்கு நான்கு தம்பிகள். கொள்ளையடித்தவர்களின் குடும்பங்களுக்குத் துப்பாக்கிகள் ஏராளம். ஆள் பலம் இல்லாத மூன்று வீடுகளை ஜிர்கா காட்டியது. அஸ்மீரின் வீடு அதில் முதலாவது.

"எல்லாருக்காகவும் நீங்க பொறுத்துக்கணும், மர்ஜானா" என்றார் மௌலாதாத், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"நாங்கதான் பொறுத்துக்கணுமா? ஒம்ம கோபுரம் என்ன, சர்க்கரையிலயா கட்டியிருக்கு, இடிச்சா கரைஞ்சு போக?"

மௌலாதாத் திரும்பி நடந்தார். கெட்டவர் அல்ல அவர். வீட்டில் ஆறு மகன்கள் இருக்கும் மனிதர், அவ்வளவுதான்.

வெடிமருந்து மூட்டைகளைச் சிப்பாய்கள் கோபுரத்தின் அடியில் அடுக்கும்போது அஸ்மீர் தன் படுக்கையையும் துப்பாக்கியையும் தண்ணீர்ச் சாடியையும் வெளியே கொண்டுவந்து வைத்தான். வேறு சாமான் ஏதும் அவனுக்கு இருக்கவில்லை. அவன் தாத்தா கட்டிய கோபுரம் ஒரு முறை தூக்கிப் போட்டது போல் அசைந்து, அப்படியே உட்கார்ந்தது. சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். புழுதி அடங்கியபோது, இதுவரை மறைந்திருந்த ஜாங்கியின் வீடு மர்ஜானாவின் அடுப்படியிலிருந்தே முழுசாகத் தெரிந்தது.

அன்று மாலையே அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு முகாமுக்குப் போனாள். காவல்காரர்கள் தடுத்தார்கள், அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் துரையே வந்தார். மலையாட்கள் பேச்சை அவர் புத்தகத்தில் படித்துத் தேறியவர்.

"அம்மையே, தங்கள் கோரிக்கை யாது?"

மர்ஜானாவுக்கு ஒரு கணம் எதிரே மௌல்வி நிற்கிறாரோ என்று தோன்றியது. "நீங்க போகாதீங்க, துரை" என்றாள்.

துரையின் முகம் மலர்ந்தது. அப்படி ஒரு வார்த்தையை அந்த மலைகளில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. "தங்கள் அன்பு என்னை நெகிழச் செய்கிறது" என்றார்.

"அன்புமில்ல ஒண்ணுமில்ல. நீங்க போனா கல்ல எடுத்துருவாங்க. என் மகன சுட்டுருவாங்க. இந்த ஊர்ல கொள்ளைக்குப் போகவே முடியாத ஒரே ஆம்பள அவன்தான். வாசலத் தாண்ட முடியாதவன் ஒங்க தபாலுக்கு எங்க போவான்? அவன் வீட்டத்தான் நீங்க இடிச்சீங்க."

துரை புரிந்துகொண்டார் என்றே சொல்ல வேண்டும், அதுதான் கொடுமை. "ஜிர்காவே அதைத் தேர்ந்தெடுத்தது" என்றார் மெல்ல.

"சரி. பத்து சிப்பாய விட்டுட்டுப் போங்க. நான் ரொட்டி சுட்டுப் போடறேன்."

"இயலாது, அம்மையே."

"அப்ப மறுபடி கட்டிக்கிறோம். அதுக்காவது எழுதிக் குடுங்க."

"இடித்ததைக் கட்டினால் படை மீண்டும் வரும். அது உடன்படிக்கை."

"வரட்டுமே! அதத்தான நானும் கேக்கறேன்!"

துரை முதன்முறையாகத் தலை குனிந்தார். பிறகு, அவள் மகன் தன்னோடு வரட்டும் என்றார். சர்க்கார் பக்கத்து ஊரான பன்னூவில் எல்லைக் காவல் படையில் சேர்த்துக்கொள்வதாகவும், உடையும் சம்பளமும் உண்டென்றும் சொன்னார். மர்ஜானா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிடித்தபின்தான் அது அந்நிய ஆணின் கை என்ற நினைப்பு வந்தது. வீட்டுக்கு அவள் நடந்து வரவில்லை, ஓடித்தான் வந்தாள்.

அஸ்மீர் இடிந்த கற்களில் உட்கார்ந்து கலப்பைக்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதை முழுவதும் கேட்டான்.

"நான் போனா வயல் யாருக்கு?"

"வயல் நாசமாப் போகட்டும். உயிரு இருக்குமில்ல."

"ஒன்ன அடிச்சு வெரட்டிட்டு அந்த வயல ஜாங்கி உழுவான். நான் பன்னூவுல துரைக்கு சலாம் போட்டுட்டு நிப்பேன். இன்னொரு கோபுரம்தான அது?"

"கெஞ்சிக் கேக்கறேன்டா."

"அம்மா, ஓட்டை வழியாவே பாத்துட்டு இருந்தேன் இந்த மண்ண. இப்ப கால வச்சுட்டேன். இனிமே எந்தப் பொந்துக்குள்ளயும் போக மாட்டேன்." அவன் குரலில் வீம்பு இல்லை. வீம்பு இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள்.

மறுநாள் வாய்க்காலடியில் ஜாங்கியே எதிரே வந்தான். பானையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். சின்ன வயதில் அவளிடம் பால் குடித்தவன் அவன்.

"ஜாங்கி, விட்டுர்றா அவன."

"ஒங்க மேல எனக்குக் கோவமே இல்ல, பெரியம்மா. அவன் மேலகூட இல்ல. அப்பாவோட சட்டைய அம்மா இன்னும் தொவைக்கல. தெனமும் நான் சாப்பிட ஒக்காரும்போது அத எடுத்து எதிர்ல மாட்டி வைக்கிறா. எனக்கு எப்படிச் சோறு எறங்கும், சொல்லுங்க?"

கணவன் செத்தபோது மர்ஜானாவும் இதே போல் ஒரு சட்டையை அஸ்மீருக்கு எதிரே மாட்டி வைத்தவள்தான்.

பனி கொட்டவில்லை. அந்த வருஷம் வானம் கழுவிவிட்டது போல் தெளிவாக இருந்தது. ஒரு காலை கூடாரங்கள் இறங்கின, ஒட்டகங்கள் கத்தின, படை ஆற்றைக் கடந்தது. பள்ளத்தாக்கே கூரைகளில் ஏறி நின்று பார்த்தது. பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். குதிரையிலிருந்து துரை ஒரு முறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாக மர்ஜானாவுக்குத் தோன்றியது. இருக்கலாம். கடைசிக் கழுதையும் வளைவில் மறைந்ததும் மௌலாதாத் குனிந்து மசூதி வாசலில் இருந்த கல்லை எடுத்து ஓரமாகப் போட்டார். ஆண்கள் வேகமாக அவரவர் வீட்டுக்கு நடந்தார்கள்.

அஸ்மீர் மாடுகளை ஏரில் பூட்டிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு உழுடா. இன்னிக்கு ஒரு நாள் உள்ள இரு."

"ஈரம் காஞ்சிரும்மா."

அவன் வயலில் இறங்கினான். மர்ஜானா விதைக்கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, அவனுக்கும் ஜாங்கியின் வீட்டுக்கும் நடுவே வந்து சேர்ந்து நடந்தாள். போகும்போது மகனின் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். அவன் ஆழமாகத்தான் உழுதான். மண் கருப்பாகப் புரண்டது.

"அம்மா, தள்ளிப் போ. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்குக் குறி தப்பும்."

இரண்டாவது உழவுச் சாலில்தான் அவள் கவனித்தாள். அவள் உச்சந்தலை அவன் தோள்வரைதான் எட்டியது. அதற்கு மேலே கழுத்தும் முகமும் முழு வெயிலில் இருந்தன. இடுப்பில் இருந்த கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். இப்போது சரியாக இருந்தது. விதைக்க முடியாது, ஆனால் சரியாக இருந்தது.

எதிர்க்கூரையிலிருந்து ஜாங்கியின் குரல் வந்தது. மரியாதையான குரல்தான்.

"பெரியம்மா! கழுத்து வலிக்கும். கூடைய எறக்கி வைங்க."

அவள் கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வயலின் கோடி வந்துவிட்டது. மாடுகள் திரும்பத் தொடங்கின. ஏரைப் பிடித்தபடி அஸ்மீர் அவள் மறைவை விட்டு வெளிப்பக்கமாக அகன்று வளைந்தான், அவனை மறைக்க, புரண்ட கட்டிகளில் கால் இடற அவள் சுற்றிக்கொண்டு ஓடினாள்.