நூற்றுப் பதினான்கு சென்டிமீட்டர்

என் சகலை தையற்காரன். தூண்டில் பிடிக்கத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. நானோ இருபது வருடமாக அந்தக் கழிமுகத்தில் கால் கடுக்க நின்றவன். வேலையும் மீன் ஆராய்ச்சி நிலையத்தில்தான். தூண்டில் சங்கத்தின் சாதனைப் பலகையில் மிக நீளமான கொடுவா மீன் என் பெயரில் இருந்தது: நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். மாமனார் வீட்டில் எனக்கிருந்த ஒரே மரியாதை அது. மற்றதெல்லாம் சின்ன மாப்பிள்ளையான அவனுக்குத்தான். அவர் கைராசி என்ன, வாய்ராசி என்ன, அடேயப்பா!

அன்று காலை கடலேற்றம் வடியத் தொடங்கியதும் அவன் தூண்டிலில் ஒன்று விழுந்தது. தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. பத்தே நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவந்துவிட்டான். எனக்கு வயிறு பற்றி எரிந்தது, பொய் சொல்வானேன்.

"சகல, பெருசு! வந்து அளங்க!"

சங்கத்துக்கு அளப்பவன் நான்தான். அளந்த மீன் உயிரோடு நீந்திப் போனால்தான் அதன் நீளம் சங்கப் பலகையில் ஏறும். மீனை ஈரமான அளவுப் பலகையில் கிடத்தினோம். நூற்றுப் பதினான்கு.

"வாலைச் சரியாப் பிடிக்கல. திரும்ப வைங்க."

திரும்பவும் அதே அளவு.

"வாய் மூடல. இன்னொரு தடவை."

"பாவம் சகல, தவிக்குது."

"மீனைப் பத்தி எனக்கே பாடமா?"

எனக்குத் தெரியாததா? கொடுவா ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துப் பெண்ணாக மாறும். இந்த நீளத்தில் இருந்தால் அநேகமாகப் பெண்தான். முட்டையிட முகத்துவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது; வயிறு உப்பியிருந்தது. அப்படியும் நான்காவது தடவை அளந்தேன். ஒரு சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை.

அவன் மீனோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினான். செவுளில் நீர் பாயட்டும் என்று முன்னும் பின்னும் நகர்த்தினான். அரை மணி நேரம் விடவில்லை. கையை எடுத்ததும் அது மல்லாந்தது.

கரையேறியவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எழுதாதீங்க சகல. உங்க பேரே இருக்கட்டும். நான் கத்துக்குட்டி, ரொம்ப நேரம் இழுத்து அதைக் களைக்க வச்சுட்டேன். அதனாலதானே செத்துச்சு?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். மீன் படித்தவன் சொல்வது சரியாக இருக்கும் என்று நம்புகிறவன் அவன்.

"ஆமா," என்றேன். "அடுத்த தடவை சீக்கிரமா இழுங்க."