பூ உள்பக்கம்

திரைச்சீலைக் கடையில் பேரம் பேசியே காலம் தள்ளியவளுக்கு, இடுப்பு வலி எடுத்ததும் வாய் மூடிக்கொண்டு விடுமா என்ன?

முதல் பிரசவத்தில் மூடிக்கொண்டுதான் கிடந்தாள். இதே வார்டு. கட்டிலுக்கு மேலே கம்பி இருந்தது, திரை இல்லை. கூட்டுகிறவர், தள்ளுவண்டிக்காரர், வழி தப்பி வந்த யாரோ ஒருவருடைய மாமனார் என்று ஊரே பார்த்துவிட்டுப் போனது. வலி தாங்காமல் ஒரே ஒரு முறை கத்தியபோது தொடையில் ஓர் அடி விழுந்தது. பிள்ளை பெற்ற சந்தோஷத்தில் பாதியை அந்த அடி கொண்டுபோயிற்று. இந்த முறை ஒரு மறைவு, பக்கத்தில் ஓர் ஆள், தொடும் முன் ஒரு வார்த்தை. இவை இல்லாமல் விடுவதில்லை என்று வந்திருந்தாள்.

படியாத பேரத்தைக் கடையில் உதறிவிட்டு எழுந்து போகலாம். இங்கே எங்கே போவது? ஆகவே உச்ச விலையில் ஆரம்பித்தாள்.

"சிஸ்டர், எனக்குத் தனி ரூம் வேணும். வீட்டுக்காரர், அம்மா, நாத்தனார் எல்லாரும் கூட இருப்பாங்க."

தலைமை நர்ஸுக்கு வார்டில் 'இடி' என்று பெயர். "அரண்மனைன்னு நினைச்சு வந்துட்டியா?"

"சரி, ரூமை விடுங்க. வீட்டுக்காரரையும் விட்டுடறேன். ரத்தத்தைப் பார்த்தா அவருக்கே ஒரு கட்டில் வேணும். அம்மாவும் வேணாம். நாத்தனார் மட்டும்." ஒரு வலி வந்தது. பல்லைக் கடித்து அதை அனுப்பிவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறம் ஒரு திரை."

"மறைவே இல்லாத இடத்துல எப்படி ஆளை விடறது? திரை இருந்தா போட மாட்டோமா?"

"அப்ப திரை இருந்தா ஆளை விடுவீங்க."

"இருந்தா பாப்போம்!"

சரக்கு இல்லையென்று கைவிரிப்பவர் முன்னால் சரக்கைக் கொண்டுவந்து விரிப்பதுதானே அவள் பிழைப்பு! வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அதே கடையில் தைக்கிற நாத்தனார் பையோடு வந்தாள். உள்ளே பூப்போட்ட திரை, வளையமெல்லாம் கோத்துத் தயாராக இருந்தது. பரிசோதனைக்கு வந்த அன்றே கம்பியை முழம் போட்டு வைத்திருந்தாள் அண்ணிக்காரி.

இடி ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

நாத்தனார் ஸ்டூலில் ஏறி மாட்டி முடிக்கவும், அடுத்த வலியோடு கட்டிலிலிருந்து ஒரு கூச்சல்: "ஏய், என்னடி மாட்டியிருக்கே?"

"சரியாத்தானே அண்ணி இருக்கு?"

"பூ வெளியே பாக்குது! எனக்குத் தையல்தான் தெரியுது!"

கடைப் பழக்கம். பூப் பக்கம் எப்போதும் வாங்க வருகிறவரைத்தான் பார்க்க வேண்டும். கை தன்பாட்டுக்கு அப்படியே மாட்டிவிட்டது.

"இன்னிக்குக் கஸ்டமர் நான்டி! திருப்பு!"

வார்டே சிரித்தது. இடிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இரும்மா" என்று தாமே ஏறித் திருப்பி மாட்டினார். இறங்கியபோது திரைக்கு உள்ளே நின்றார். சுற்றிலும் பூ, ஒரு கண்ணும் எட்டிப் பார்க்கவில்லை. "கை வச்சுப் பாக்கட்டுமாம்மா?" என்றார்.

"பாருங்க சிஸ்டர்."

இளம் டாக்டர் ஒருவர் வந்து திரையைச் சரக்கென்று விலக்கப் போனார்.

"கேட்டுட்டு வாங்க டாக்டர்!" உள்ளிருந்து இடி இடித்தது.

கை அப்படியே நின்றது. "வரலாமாம்மா?"

"இந்த வலி போகட்டும், இருங்க."

போகும்வரை நின்றார்.

பிறகு அவள் வாய்விட்டுக் கத்தினாள். அடி விழவில்லை, நாத்தனாரின் விரல்கள்தான் நசுங்கின. மகள் பிறந்தாள், அம்மாவைத் தோற்கடிக்கிற குரலோடு.

"சிஸ்டர், எனக்கும் அந்தத் திரை வேணும்" என்றது பக்கத்துக் கட்டில்.

இடி பிள்ளை பெற்றவளிடம் குனிந்தார். "எல்லாக் கட்டிலுக்கும் அளவு எடுக்கணுமே?"

"எடுத்துத் தச்சும் ஆச்சு சிஸ்டர். கடையில இருக்கு."

"பதிலுக்கு என்ன கேப்பே?"

"ஒவ்வொருத்தருக்கும் கூட ஒரு ஆள். தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை."

"யோசிச்சுச் சொல்றேன்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கடைப் படியிறங்குகிறவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் இடி நகரவில்லை. திரையின் ஓரத்தை இரண்டு விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

துணியைத் தடவிவிட்டவர் வாங்காமல் போனதே இல்லை. அவள் மகளை மார்போடு சேர்த்துக்கொண்டு நாத்தனாரைப் பார்த்தாள்.

"போய் எடுத்துட்டு வாடி. பூ உள்பக்கம்!"