பாலம் வரை ஒரு ரவுண்டு

இரண்டாவது ஹெட்டர் உட்காரவே இல்லை. காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள், சாய்த்துப் பார்த்தாள், வாய்க்கு வந்தபடி திட்டியும் பார்த்தாள். என்ஜின் புகையை சைலன்சருக்குக் கொண்டுபோகும் குழாய்க்கொத்து அது. முன் மூன்று சிலிண்டருக்கானது சமர்த்தாகப் பொருந்திவிட்டது. பின் மூன்றுக்கானது மட்டும் ஸ்டியரிங் ராடில் போய் இடித்தது.

"ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற வண்டிக்குச் செஞ்சது பாப்பா," என்றார் வெல்டர். "உங்கப்பா படத்தப் பாத்து வாங்கிட்டாரு."

லேசாகச் சொல்லிவிட்டார். அதைத் தேர்ந்தெடுக்க அப்பா பட்ட பாடு வீட்டுக்கே தெரியும். பழைய வார்ப்பிரும்புக் குழாயே போதுமா, புது ஹெட்டரா, குட்டையா, நீளமா, இரண்டு சைலன்சரையும் நடுவில் இணைப்பதா வேண்டாமா? என்னைக் கட்டிக்கக்கூட மனுஷன் இவ்வளவு யோசிக்கல என்பாள் அம்மா. படுக்கையில் விழுந்த பிறகும் அதே பேச்சுதான். "மூணு மூணாப் பிரிச்சு விடணும். அப்பதான் ஆறும் பேசும்."

ஷெட்டுக்கு எதிரே மாடி ஜன்னலில் அம்மாவின் தலை தெரிந்தது.

"உக்காந்துச்சான்னு கேக்குறாரு!"

காலையில் வந்த நர்ஸ் மகளைத் தனியே அழைத்து, அப்பா இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லியிருந்தாள். தப்பாக வாங்கிவிட்டீர்கள் என்பதா அவர் காதில் விழும் கடைசிச் சேதி?

"உக்காந்துச்சும்மா! இதோ ஸ்டார்ட் பண்றேன்னு சொல்லு!"

வெல்டர் முறைத்தார். "எப்படி?"

"ராடைக் கழட்டிடலாம்ண்ணே."

"அப்புறம் வண்டியத் திருப்ப முடியாதே."

"வண்டி எங்க போகப்போகுது? அவருக்குச் சத்தந்தானே வேணும்."

ராடு கழன்று பெஞ்சுக்கு வந்தது. ஹெட்டர் உட்கார்ந்தது. போல்ட்டை முடுக்கும்போது ஸ்பானர் நழுவிக்கொண்டே இருந்தது. நழுவும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள். மேலே அழுகைச் சத்தம் இல்லை. அது ஒன்றுதான் தைரியம்.

சாவியைத் திருப்பினாள். இரண்டு சைலன்சரும் சேர்ந்து முழங்கின. அப்பா சொன்னது சரிதான், ஆறும் பேசின.

ஜன்னலில் அம்மா, முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதமாம்! பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொல்றாரு!"

மகளுக்குப் பகீரென்றது. பெஞ்சில் கிடந்த ராடைப் பார்த்தாள்.

"அண்ணே, புகை போக ஷெட்டுப் பின்கதவைத் திறந்து வச்சிட்டு ஷட்டரை இறக்குங்க. மெதுவா, சத்தம் தூரமாப் போற மாதிரி."

நின்ற இடத்திலேயே ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முதல் கியரில் கிளம்புகிற மாதிரி ஏற்றி விட்டாள், இரண்டாவதுக்கு ஏற்றி விட்டாள். வெல்டர் சாண் சாணாக ஷட்டரை இறக்கினார். தெருமுனையில் வேகத்தைக் குறைத்தாள், மேட்டில் அழுத்தினாள். புகையில் கண் எரிந்தது. பாலத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பினாள். ஷட்டர் மெல்ல ஏறியது.

எதிரே மாடி ஜன்னல் சாத்தியிருந்தது.

என்ஜினை நிறுத்தக்கூடத் தோன்றாமல் மேலே ஓடினாள். அம்மா கட்டிலில் அப்பாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் மார்பு அசையவில்லை.

"ஷட்டரு இறங்கினதப் பாத்தேன்," என்றாள் அம்மா. "நானும் ஜன்னலைக் கொஞ்சம் கொஞ்சமாச் சாத்தினேன். முக்குல திரும்புறா, மேட்டுல ஏறுறான்னு சொல்லிட்டே கூட வந்தாரு. பாலம் வந்துருச்சுன்னாரு."

பிடித்திருந்த கையை மெல்லப் போர்வை மேல் வைத்தாள்.

"அதுக்கப்புறம் ஜன்னலைத் திறக்க வேண்டிய வேலை இல்லாமப் போச்சு."

மகள் போய் ஜன்னலைத் திறந்தாள். கீழே ஷெட்டு வாசலில் வெல்டர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். என்ஜினை நிறுத்தட்டுமா என்று கையாலேயே கேட்டார்.

வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.