பிரேக் ஹோஸுக்குக் கறுப்பு பெயின்ட்

என் அக்கா வீட்டுக்காரரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் மெக்கானிக்காக இருக்கும் பஸ் டிப்போவில் கூட்டாளிகள் கார்பரேட்டர் என்பார்கள். அதில் காற்றும் பெட்ரோலும் சரியாகக் கலக்காவிட்டால் எஞ்சின் இருமுமே, அதுபோல உலகத்தில் எது கோணலாக இருந்தாலும் அத்தானுக்கு உடனே இருமல் வந்துவிடும்.

டிவியில் கார் பந்தயம் ஓடினால், "முந்துறதுக்கு பட்டன அமுக்குறானுங்க. லிஃப்ட்ல போயிட்டு மலை ஏறினேன்னு சொல்ற மாதிரி இருக்கு" என்பார். பேட்டரி கார் சத்தமில்லாமல் கடந்துபோனால், "ஃப்ரிட்ஜுக்குச் சக்கரம் மாட்டிட்டான்." ஒற்றை ஆளைச் சுமந்து வரும் பெரிய கார்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மதிப்பது பஸ்ஸை மட்டும்தான். அதை ஓட்டுவது என் அக்கா என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். படங்களில் வரும் கார் துரத்தலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "அஞ்சு கியர் வண்டில பதினோரு தடவ கியர் போடுறான்டா! மிச்ச ஆற எங்க வெச்சிருந்தான், பாக்கெட்டுலயா?"

இப்படிப்பட்ட மனிதரை ஒரு படப்பிடிப்புக்குக் கூட்டிப்போனது நான்தான். எனக்கு ஒலிப்பதிவு வேலை. எங்கள் கம்பெனி பந்தயக்காரன் ஒருவனைப் பற்றி ஆறு பாகத் தொடர் எடுத்தது. வண்டி விஷயம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். அத்தான் பெயரைச் சொன்னேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"வாயக் கொஞ்சம் கட்டிக்கிட்டு இருங்க" என்று அக்கா வாசல்வரை வந்து சொன்னாள்.

முதல் நாள் மதியம்வரை கட்டிக்கொண்டுதான் இருந்தார். கதாநாயகன் டிரெய்லர்மேல் நின்ற காரில் உட்கார்ந்து, நேர்ச் சாலையில் ஸ்டியரிங்கை மாவாட்டுவதுபோலச் சுற்றினார். முகம் தெரியவேண்டும் என்று ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கழற்றி எறிந்திருந்தார்கள். அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். காரின் சத்தம் கனமாக இல்லை, வேறு ஏதாவது கலந்துகொள் என்று டைரக்டர் சொன்னதால் நான் ஒரு மோட்டார் பைக் சத்தத்தை அதன்மேல் ஏற்றிக் காட்டினேன். அப்போதுதான் அவரால் முடியவில்லை.

"சாப்பாட்டுல கலப்படம் பண்ணுனா புடிச்சு உள்ள வெக்கிறாங்க. இதுக்குக் கைதட்டுறாங்களா?" என்று என்னிடம் கேட்டார். பார்வையில் அப்படி ஓர் அருவருப்பு. எனக்குக் காது சூடாகிவிட்டது.

சாயங்காலம் ஸ்டண்ட் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவர், முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸைக் காட்டினார். பிரேக் எண்ணெய் ஓடும் அந்த ரப்பர் குழாய் மேலெல்லாம் வெடிப்பு விட்டுப் பாளம் பாளமாக இருந்தது. ஓரிடத்தில் லேசாக உப்பியிருந்தது. மாற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று தயாரிப்பு மேனேஜரிடம் எழுதியே கொடுத்தார். "காலையில புதுசு மாட்டிடுறோம் சார்" என்றார் மேனேஜர்.

மறுநாள் எடுக்கவேண்டிய காட்சி இதுதான்: கார் முழு வேகத்தில் வந்து, கேமராவுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கவேண்டும். கேமராவுக்குப் பின்னால் நாலு பேர் குந்தியிருப்பார்கள். ஓட்டப்போவது ஒரு பெண்மணி. கரடுமுரடான பாதைப் பந்தயங்களில் பல வருடம் ஓட்டியவர், அதிகம் பேசமாட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு நின்றார்.

அத்தான் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் கறுப்பு.

"என்னது இது?"

விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"பெயின்ட் அடிச்சிருக்கீங்களா? பிரேக் ஹோஸுக்குப் பெயின்டா?"

"குளோஸ்-அப்ல வெடிப்பு தெரியுது சார், அதான்" என்றார் மேனேஜர். "ஒரே ஒரு ஷாட்தானே. புதுசு வர சாயங்காலம் ஆகும், வெளிச்சம் போயிடும்."

காலையில் ஆர்ட் பிரிவுக்காரர் ஒருவர் தூரிகையுடன் சக்கரத்தின் அருகே குனிந்திருந்ததை நான் பார்த்தேன். எதற்கு என்று புரிந்தும் மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அப்போதும் அதை வாய்திறந்து சொல்லவில்லை.

அத்தான் அந்தப் பெண்மணியிடம் போனார். "அம்மா, இந்த வண்டிய எடுக்காதீங்க."

"தெரியும் சார், பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கு" என்றார் அவர் மெதுவாக. "மாட்டேன்னா அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டாங்க. கொஞ்சம் முன்னாடியே மிதிச்சுப் பாத்துக்குறேன்."

டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். "சார், நீங்க ஆலோசனை சொல்ல வந்தவரு. சொல்லிட்டீங்க. ரொம்ப நன்றி."

"சரி, நான் ஒரு தடவ மிதிச்சுப் பாத்துடுறேன்" என்று அத்தான் காருக்குள் ஏறினார். எஞ்சினைக் கிளப்பினார். டைரக்டர் முன்சக்கரத்தின் அருகிலேயே, இடுப்பில் கையை வைத்து நின்றார். அத்தான் பிரேக்கை ஓங்கி மிதித்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது மிதியில் 'பட்'டென்று ஒரு சத்தம். பிரேக் எண்ணெய் பீறிட்டு டைரக்டரின் வெள்ளை ஷூவிலும் பேன்ட்டிலும் அடித்தது. பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

அத்தான் இறங்கி, கேமராவுக்குப் பின்னால் குந்தியிருந்த நாலு பேரையும் பார்த்தார். ஒருவர் எழுந்து போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

"இந்த நாலு பேர் உயிரு உங்களுக்கு ஒரு டப்பா பெயின்டு. த்தூ!" என்றார் டைரக்டரிடம்.

கேட் வரைக்கும் நான் கூடவே போனேன். வழியில் தூரிகையைப் பார்த்த விஷயத்தைச் சொன்னேன். நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "நீ போய் வேலையப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அந்தப் பஸ் கண்ணை விட்டு மறையும் வரைக்கும் அங்கேயே நின்றேன். அதன்பிறகு ரெண்டு மாதம் அத்தான் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் செய்துகொண்டார்கள். தொடர் வெளியானபோது அக்கா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். கார் பறந்து வந்து நின்றது. சக்கரம் மட்டும் சுற்றவே இல்லை. அக்கா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. அத்தான் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த ஸ்டண்ட் பெண்மணி டிப்போவுக்கே வந்தார். பழைய ஸ்கூட்டர். அத்தானுக்கு எதிரே வந்து நின்று, "உங்களால எனக்கு அஞ்சு மாசமா வேலை இல்ல சார். நான்தான் உங்களத் தூண்டிவிட்டேன்னு சொல்லிட்டாங்க" என்றார்.

அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"உங்கமேல கோவம்தான். அத நேர்ல சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்." ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "என் பொண்ணுகிட்ட நடந்தத சொன்னேன். உங்களப் பாக்கணும்ங்கிறா. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாங்க, உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு."

அத்தான் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.