நாற்பத்தொரு கையெழுத்து

சிலுவைமுத்து சாரைப் பட்டப்பகலில் அடித்தார்கள். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் கல்லூரி வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்தவரை இரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளிவிட்டு, விழுந்தவரின் முகத்தைச் செருப்புக் காலால் மிதித்தார்கள். இரண்டு பல் போயிற்று. கண்ணாடி நொறுங்கி இமையில் ஏறிக்கொண்டது. எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன்கூட டம்ளரைக் கீழே வைக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் செய்த குற்றம் இவ்வளவுதான். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், தன் பாடக்குறிப்பு முழுவதையும் கம்ப்யூட்டரில் தானே தட்டி, ஒரு சிடியில் பதிந்து, 2006 ஜூலையில் என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'இதை யாரும் படிக்கலாம். நகல் எடுக்கலாம். திருத்தலாம். பிறருக்குக் கொடுக்கலாம். என்னைக் கேட்க வேண்டியதில்லை.'

கேட்டு வாங்கியவள் நான். பெயர் ஜெயமேரி, அந்தக் கல்லூரியின் நூலகர். வெளிநாட்டில் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களே தங்கள் பாடங்களை இன்டர்நெட்டில் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டன என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தோல் பதனிடும் ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் வேலை பார்க்கிறவர்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். ஒவ்வொரு வாத்தியாரிடமும் போய் நின்று பாடக்குறிப்பைக் கேட்டேன். பொண்ணு கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். கொடுத்தவர் சிலுவைமுத்து சார் ஒருவர்தான்.

மற்றவர்களுக்கு மிக்கேல்ராஜிடம் பயம். கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். ஏழு கல்லூரிக்கு அவன் அச்சடிக்கும் கைடுதான். அதை வாங்காத பிள்ளைக்கு இன்டர்னல் மார்க் விழாது. வாத்தியார்களில் சிலர் அவன் ஆள், மற்றவர்கள் அவன் ஆட்களைக் கண்டவர்கள். இந்த மிக்கேல்ராஜும் எங்கள் கல்லூரியில் படித்தவன்தான். 1993இல் ஒரு கணக்குப் புத்தகத்திலிருந்து பிளேடால் பதினாறு பக்கத்தை வெட்டினான். பதிவேட்டைப் புரட்டி, அந்தப் புத்தகத்தைக் கடைசியாக எடுத்தவன் அவன்தான் என்று ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். அன்றைக்கு வகுப்பு நடுவில் அவன் காதைப் பிடித்து இழுத்து வந்தேன். "இந்த மேடத்துக்குத் தெரியாம இங்கேருந்து ஒரு தாளு வெளிய போகாதுடா, அது பொய்யும் சொல்லாது" என்று அவன் மற்ற பையன்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது. அதற்குப் பின் பதிமூன்று வருஷமும் அந்தப் பெருமையில்தான் ஓட்டினேன்.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று. சிடியை நகல் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோதும் பதிவேட்டில் எழுதித்தான் கொடுத்தேன். வரிசை எண், பெயர், வகுப்பு, வீட்டு முகவரி, கையெழுத்து.

"ஏம்மா ஜெயமேரி, யாருக்கும் குடுக்கலாம்னுதானே எழுதிருக்கேன். திரும்ப வாங்கப் போறதும் இல்ல. பின்ன எதுக்குக் கையெழுத்து?" என்று சிலுவைமுத்து சார் சிரித்தார்.

"லைப்ரரின்னா கையெழுத்துதான் சார். நீங்க பேசாம இருங்க."

மொத்தம் நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

சாரை அடித்த மறுநாள் பதினோரு மணிக்கு மிக்கேல்ராஜ் நூலகத்துக்கு வந்தான். கூட நாலு பேர், கையில் இரும்புக் குழாய். என் நூலகத்தில் செருப்பை வெளியே விடவேண்டும். அவன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தான். வந்ததும் கையை ஆட்டினான். முதல் குழாய் கம்ப்யூட்டர் திரையில் இறங்கியது. ஆறு கம்ப்யூட்டரும் நொறுங்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. உதவியாளர் சடையாண்டி புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். அவர் முழங்கையில் ஒரு அடி. விறகு முறிகிற சத்தம் கேட்டது. மனுஷன் கத்தக்கூட இல்லை, அப்படியே வண்டியின் மேல் சாய்ந்துவிட்டார்.

"ஏலே மிக்கேல்ராஜ், நீ நல்லா இருப்பியாலே!" என்று நான்தான் கத்தினேன். காகித எடைக்கல்லை எடுத்து வீசினேன். அது சுவரில் பட்டது.

"சிடியெல்லாம் எங்க டீச்சர்?"

"குடுத்தாச்சு. உன்னால ஒண்ணும் புடுங்க முடியாது."

அவன் சிரித்தான். என் மேசையில் பதிவேடு விரித்தபடி கிடந்தது. ஒரு பக்கத்தைப் படித்தான். அடுத்த பக்கத்தையும் படித்தான். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோதுதான் நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

போலீசுக்குப் போனால் கல்லூரி பெயர் கெடும் என்றார் தாளாளர். அவர் வாயில் மண்ணைப் போட வேண்டும் போல் இருந்தது.

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். அதற்குள் எல்லா சிடியையும் பிடுங்கி உடைத்துவிட்டால் பிள்ளைகள் கைடுக்குத்தான் வரவேண்டும். மிக்கேல்ராஜ் என் வரிசைப்படியே போனான். முதல் எண் டோனி, விடுதிப் பையன். கதவிடுக்கில் அவன் விரல்களை வைத்துக் கதவைச் சாத்தினார்கள், சிடியைக் கொடுக்கும்வரை. இரண்டாவது பையனைக் கொடைரோடு ஸ்டேஷனில் வைத்து இடுப்பில் மிதித்தார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று ஒருவர்கூடத் தவறவில்லை. வரிசை எனக்கு மனப்பாடம். இன்றைக்கு யார் வீடு, நாளைக்கு யார் வீடு என்று தெரியும். முன்கூட்டியே ஓடிப்போய்ச் சொன்னேன். சில வீட்டில் கதவைத் திறக்கவில்லை. ஒரு அம்மா என் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றினாள். அதற்குமேல் பட்டாலும் தகும் எனக்கு.

பன்னிரண்டாவது எண் ஜெஸ்ஸி. அன்றைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவள் அப்பா சேவியர் தோல் ஷாப்பில் சுமை தூக்குகிறவர். வாசலில் மல்லாந்து கிடந்தார். தலையிலிருந்து வடிந்த ரத்தம் கோலத்தின் மேல் ஓடியிருந்தது. ஜெஸ்ஸியின் இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. அவரை ஆட்டோவில் ஏற்றும்போது அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாள்.

"நீங்க கையெழுத்து வாங்காம குடுத்திருந்தா எங்கப்பாவுக்கு இப்படி ஆயிருக்காதுல்ல மேடம்?"

அங்கிருந்து நேரே மிக்கேல்ராஜ் கடைக்குப் போனேன். கடையில் அவனும் ஒரு ஆளும் மட்டும் இருந்தார்கள். பதிவேடு கல்லாவுக்குப் பக்கத்தில் கிடந்தது. எட்டி எடுத்தேன். அவன் என் கொண்டையைப் பிடித்து இழுத்து நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் மின்னியது. அவன் கையைக் கடித்தேன், பல்லில் தோல் கழன்று வந்தது. அவன் விட்டதும் பக்கத்து டீக்கடைக்கு ஓடி, பாய்லருக்குக் கீழே கனன்றுகொண்டிருந்த கரிக்குள் பதிவேட்டைத் திணித்தேன். பதினாறு பக்கம் வெட்டியவனைக் காதைப் பிடித்து இழுத்தவள் நான். என் கையாலேயே முழுப் பதிவேட்டையும் அழுத்திப் பிடித்தேன். உள்ளங்கை பொசுங்கியது. அட்டை சுருண்டு, நாற்பத்தொரு கையெழுத்தும் கருகும்வரை எடுக்கவில்லை.

மிக்கேல்ராஜ் கடிபட்ட கையை உதறிக்கொண்டு நிதானமாக வந்தான்.

"ஏன் டீச்சர், நான் நடத்துறது என்ன கடை?"

சட்டைப் பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்து விரித்தான். என் எழுத்து. என் வரிசை எண். தாள் பளபளவென்று இருந்தது. அந்த டீக்கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஜெஸ்ஸி என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு துணிப்பையிலிருந்து ஒரு சிடியை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அவனுக ஒடச்சது சினிமாப் பாட்டு சிடி மேடம். இத அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. சிரிப்பும் வந்தது. இதற்காகவா அப்பாவை அடிவாங்க விட்டாய் என்று கோபமும் வந்தது. சேவியர் கட்டிலில் படுத்தபடியே, "நாந்தான் டீச்சர் பானைக்குள்ள போடச் சொன்னேன்" என்றார்.

அந்த சிடியை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன். அங்கே பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் அப்துல் சுக்கூர், எங்களிடம் படித்தவர்தான். கதையைக் கேட்டதும் வாடிக்கையாளரை எல்லாம் எழுப்பி அனுப்பிவிட்டு, எல்லாக் கம்ப்யூட்டரிலும் வெற்று சிடியைப் போட ஆரம்பித்தார். இரண்டு நாளில் முந்நூறு சிடி தேறியது. அதை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு நூலக வாசலில், செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மேலே எழுதினேன்: 'எடுத்துக்கொள்ளவும். நகல் எடுத்துக் கொடுக்கவும். கையெழுத்து வேண்டாம்.' உள்ளே போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் திரும்பிப் பார்க்கத் துடித்தது. திரும்பவில்லை. மூன்று மணிக்குப் பெட்டி காலி.

நாலு மணிக்கு மிக்கேல்ராஜ் வந்தான். இந்த முறை செருப்போடு வந்தான். வாசிப்பு மேசைகளில் ஐம்பது அறுபது பிள்ளைகள் இருந்தார்கள்.

"யாரு யாரு எடுத்தா?"

"தெரியாது."

வாயில் அறைந்தான். உதடு கிழிந்து உப்புக் கரித்தது. அவன் ஆட்கள் என் மேசையையும் பீரோவையும் கவிழ்த்துப் புதுப் பதிவேட்டைத் தேடினார்கள். ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்கவில்லை.

"எத்தன பேரு? எந்தெந்த ஊரு?"

"தெரியாதுலே."

என் நல்ல கையைப் பிடித்து மேசை டிராயருக்குள் வைத்து உதைத்துச் சாத்தினான். மோதிர விரல் முறிந்தது எனக்கே கேட்டது. நான் போட்ட கூச்சலில் பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்தான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவர்களும் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தார்கள். முதல் மேசையா, கடைசி மேசையா, எல்லோருமா என்று அவனுக்கு விளங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த தாள்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதில் நாற்பத்தொரு பேர்தான் இருந்தார்கள்.

திரும்ப என்னிடம் குனிந்தான். "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாம இங்கேருந்து ஒரு தாளும் வெளிய போகாது. சொல்லிருங்க."

"தெரியாதுலே, மிக்கேல்ராஜ்" என்று அழுதுகொண்டே சொன்னேன். "சத்தியமா எனக்குத் தெரியாது."

நான் பொய் சொல்கிறவள் இல்லை என்பது அவனுக்கு 1993லிருந்தே தெரியும். நம்பிவிட்டான்.