அமல்ராணி மாற்றிய கம்பைலர்

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்கிவிட்டு சூசைமுத்து தங்கள் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தபோது நாலு திரையும் கறுப்பாகக் கிடந்தன. அவன் பெண்டாட்டி அமல்ராணி, தகடு கழற்றிய கம்ப்யூட்டர் எதிரே வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். டேபிள் ஃபேன் அவளுக்கு வீசவில்லை, அந்த மெஷினுக்கு வீசிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு அமலு?"

"நானே கெடுத்துட்டேங்க."

2006 மே மாதம். விடிந்தால் பன்னிரண்டாவது ரிசல்ட்டு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கடை நிறையும். கூட்டம் திரும்பிப் போனால் கடையை மூட வேண்டியதுதான். பழையபடி அவளுக்கு மல்லாட்டை மில்லில் கடலை உடைப்பு, தோல் உரிந்த விரல்.

நாலு திரைக்கும் உயிர் அந்த ஒரே மெஷின். அதில் ஓடுவது ஜென்டூ லினக்ஸ் என்கிற சிஸ்டம். மற்றவர்கள் ஆக்கின சோற்றை வாங்கித் தின்பார்கள். இவள் நெல்லிலிருந்து ஆரம்பிப்பாள். ஒவ்வொரு புரோகிராமையும் மூலத்திலிருந்து, அதை மெஷின் பாஷைக்கு மாற்றும் கம்பைலர் போட்டு அவளே கட்டிக்கொள்வாள். அதனால்தான் அந்த ஓட்டை மெஷினும் ஓடியது. போன வாரம் புதுக் கம்பைலர் ஏற்றினாள். இன்றைக்கு டிஸ்கில் இடம் பற்றவில்லை என்று பழையதைத் தூக்கிவிட்டாள். அதோடு, மற்ற புரோகிராம்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன லைப்ரரி ஃபைலும் போய்விட்டது. பழைய கம்பைலரில் கட்டின பிரவுசரும் மற்றதும் அதை நம்பித்தான் நின்றன. எதுவும் எழவில்லை. திரும்பக் கட்டித்தரும் கருவியே எழவில்லை.

சூசைமுத்துவுக்கு இது புரிந்தது. "லாரிக்குப் பலகை மாத்தறப்போ புதுசப் போட்டு, ஆளுங்க எல்லாம் அதுக்குத் தாண்டின அப்புறம்தான் பழச உருவுவோம். நீ ஆளு நடக்கறப்பவே உருவிட்ட."

"மூட்டையோட," என்றாள்.

சறுக்கி விழுந்தவன் மேஸ்திரியைத் திட்டுவதை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். இவள் யாரையும் திட்டவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக நின்ற பிழையை வரி வரியாகப் படித்தாள். "காணாமப் போனது இந்த ஒரே ஃபைலுதான். விழுப்புரத்துல சென்டர் வச்சிருக்கற ஷபியுல்லா பாய்கிட்டயும் இதே சிஸ்டம்தான், இன்னும் பழைய கம்பைலரு. போன் பண்ணிட்டேன். ஜல்தியா போய் பென் டிரைவ்ல வாங்கிக்கினு வர்றீங்களா?"

வேர்வை காயாமலே பஸ் ஏறினான். விழுப்புரத்தில் ஷபியுல்லா பென் டிரைவைக் கொடுத்துச் சிரித்தான். "அண்ணி எந்த ஃபைலுன்னு பேரு சொல்லிக் கேட்டாங்கண்ணே. நானா இருந்தா எல்லாத்தையும் அழிச்சிட்டு குந்திக்கினு அழுதிருப்பேன்."

பொழுது சாயத் திரும்பினான். அவள் ஃபைலை அதன் இடத்தில் வைத்து ஒரு வரி தட்டினாள். பிரவுசர் எழுந்தது. நாலு திரையும் எழுந்தன.

மறுநாள் வாசல் வரைக்கும் கூட்டம். ஒரு பிள்ளையும் மார்க் பார்க்காமல் போகவில்லை.

கூட்டம் வடிந்த பிறகு, தேவையில்லாத பாட்டையெல்லாம் அழித்து இடம் பண்ணிக்கொண்டு, ஒவ்வொரு புரோகிராமாகப் புதுக் கம்பைலரில் கட்ட ஆரம்பித்தாள். நாள் கணக்கில் ஓடியது. கடைசியில், இரவல் வந்த அந்த லைப்ரரியை எடுப்பதற்கு முன்னால், அதை நம்பி இன்னும் ஏதாவது நிற்கிறதா என்று தேடினாள்.

"பலகை மேல ஆளு இருக்கா?" என்றான் சூசைமுத்து.

"ஒருத்தரும் இல்லீங்க."

எடுத்தாள். ஒன்றும் விழவில்லை. எத்தனையோ லாரி ஏற்றி இறக்கியவன், இப்படி ஒரு சுத்தமான வேலையைப் பார்த்ததில்லை.

"ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க," என்றாள் அமல்ராணி.