மோத்தி ஆடாமல் நின்ற படம்

வைக்கோல் கடை சபீனாவுக்கு கிரி தரவேண்டியது இருபத்துமூவாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். அதை அடைக்க அவனிடம் இருந்ததெல்லாம் மோத்தி ஒன்றுதான். பாலாநகர்ப் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் மாப்பிள்ளையைச் சுமந்து ஆடுகிற வெள்ளைப் பெண்குதிரை.

சைனிக்புரியில் புருஷோத்தமன் என்று ஒருவர், பட்டாளத்தில் குதிரைகளோடு இருந்து வந்தவர், எழுபதாயிரம் வரை தரலாம் என்றார். ஆனால் முதலில் படம் வேண்டும். சேணம், ஜரிகை எதுவும் கூடாது. பக்கவாட்டில் நிற்கணும், நாலு காலும் தெரியணும்.

கிரியிடம் நல்ல போன் இல்லை. சபீனாவே வந்தாள்.

"என் காசு வரணும்னா படமும் நானே பிடிக்கணும். என் நசீபு, என் தலையெழுத்து!"

கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரை. கிரி கயிற்றை நீளமாக விட்டுப் பிடித்தான். சபீனா போனைத் தூக்கினாள். அவ்வளவுதான், மோத்தி கழுத்தை வளைத்து, இடது முன்காலைத் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டது.

"எதுக்கு ஆடுது இது? மேளம் எங்க?"

"போனைத் தூக்குனா அதுக்குக் கல்யாணம்தான்க்கா. ஊர்வலத்துல எல்லாரும் அப்படித்தானே பிடிக்கிறாங்க."

ரொட்டி காட்டினார்கள், தட்டிக் கொடுத்தார்கள். போன் உயர்ந்தால் ஆட்டம்தான். சலித்துப்போன சபீனா வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, போனை மடிக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஊர்வலத்தில் யார் உட்கார்ந்து படம் பிடித்தார்கள்? மோத்தி அடங்கி நின்றது.

கிரி போனை வாங்கிப் படத்தைப் பார்த்தான். எப்போதும் தலைப்பக்கமே நிற்கிறவன் அவன். பக்கவாட்டில், ஆடாமல், ஜரிகை இல்லாமல் அதை இன்றைக்குத்தான் பார்க்கிறான். இடது முன்கால் மட்டும் ஒரு சாண் முன்னால், பாரம் தாங்காமல் தொட்டுக்கொண்டிருந்தது. போய் அந்தக் காலைப் பின்னால் தள்ளி வைத்தான். மோத்தி மெல்ல மறுபடி முன்னால் எடுத்து வைத்தது. குளம்பு கொதித்தது.

"வலிக்குதுக்கா. இந்தக் கால் தூக்குறதுக்குத்தான் ஊர்வலத்துல ரூபா நோட்டைச் சுத்திப் போட்டாங்க. ஆடுச்சோ, வலியில தூக்குச்சோ..."

"காலைத் தள்ளி வெச்ச உடனே சட்டுனு வேற படம் ஒண்ணு எடுத்துடவா?"

"நக்கோ, வேணாம்க்கா. இதையே அனுப்புங்க."

"விலை விழும்டா, பைத்தியம்!"

"வாங்குறவரு மேல ஏறுவாரு. அப்பவும் அது தூக்கும். நல்லா ஆடுதுன்னு நினைப்பாரு."

சபீனா அவனை முறைத்தாள். பிறகு அனுப்பினாள்.

பதில் உடனே வரவில்லை. வந்தபோது குரலாக வந்தது. "முன்கால் போயிருக்கு. சவாரிக்கு ஆகாது. என் கிழட்டுக் குதிரை தனியா நிக்குது, அதுக்குத் துணையா இருக்கட்டும். முப்பதாயிரம்."

மறுநாள் காலை வண்டி வந்தது. சபீனா தன் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியை அவன் சட்டைப்பையில் செருகினாள். "தீர்ந்துச்சு, போ. இனிமே உன் மூஞ்சியப் பார்த்தா எனக்குக் கோபம் வராது."

பலகையில் ஏறி மோத்தி வண்டிக்குள் போய் நின்றது. கடைசியாக ஒரு படம் என்று சபீனா போனை எடுத்தாள். கிரி அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"தூக்காதீங்கக்கா. ஆடிடும்."